மறிக்கப்படாத தற்காப்பாளர்: ஸ்பிரெட் ஆட்டமுறை குவாட்டர்பேக்கிடம் கேட்பது என்ன?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஸ்பிரெட் தாக்குதல் பரவியபின், அதற்கேற்ற குவாட்டர்பேக் யார் என்பதில் இரு கட்சிகள் உருவாயின. ஒரு சாரார் கால்களின் வேகத்தைக் கேட்டனர். மறுசாரார் தோளின் வலுவைக் கேட்டனர். இரண்டும் வேண்டியவையே. ஆனால் அம்முறை எந்தக் கணக்கின்மேல் நிற்கிறதோ அதை ஆராய்ந்தால், முதலிடம் இரண்டுக்கும் உரியதன்று. பந்து கைக்கு வந்தபின் ஒரே ஒரு தற்காப்பாளரின் அசைவைக் கண்டு, அக்கணமே முடிவெடுக்கும் திறனே அடிப்படை என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரு பக்கமும் பதினொருவர் ஆடுகின்றனர். பழைய முறையில் குவாட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிட்டு ஆட்டத்திலிருந்து ஒதுங்கிவிடுவார். அவரையும் ஓடுபவரையும் கழித்தால் மறிப்பதற்கு ஒன்பது பேரே மிஞ்சுவர், எதிரிலோ பதினொருவர். ஸ்பிரெட் முறை இக்குறையை இரு வழிகளில் ஈடுசெய்கிறது. ரிசீவர்களை மைதானத்தின் அகலம் முழுக்க நிறுத்தி, அவர்களைக் காக்க வேண்டியவர்களை நடுவிலிருந்து வெளியே இழுக்கிறது. பின்னர் நடுவில் எஞ்சியவர்களில் ஒருவரை வேண்டுமென்றே மறிக்காமல் விட்டு, அவரைக் குவாட்டர்பேக்கின் கண்ணுக்குப் பொறுப்பாக்குகிறது.

இந்த இரண்டாம் வழிக்கு ‘ஸோன் ரீட்’ என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் மேற்கு வெர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட் கல்லூரியில் பயிற்சியாளர் ரிச் ரொட்ரிகஸ் இதை வளர்த்தார். அது பிறந்த விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். பயிற்சியில் பந்தைக் கைமாற்றும்போது குவாட்டர்பேக் தடுமாறினார். ஓரத்தில் நின்ற தற்காப்பாளரான எண்ட், ரன்னிங் பேக்கை நோக்கி உள்ளே பாய்வதைக் கண்டு, பந்தைத் தாமே வைத்துக்கொண்டு எண்ட் காலிசெய்த இடத்தின் வழியே ஓடினார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ரொட்ரிகஸ் கேட்க, எண்ட் உள்ளே வந்துவிட்டதைக் காரணமாகச் சொன்னார். ஓர் ஆட்டமுறையின் கரு வேகத்தில் அல்லாமல் காட்சியில் தோன்றியது என்பதை வரலாற்றாய்வாளர்கள் போதிய அளவு வலியுறுத்தவில்லை என்றே கருதுகிறேன். எண்ட் உள்ளே பாய்ந்தால் பந்தை வைத்துக்கொள். அவர் நின்றால் கொடுத்துவிடு. ஒருவரும் தொடாமலேயே அந்த எண்ட் மறிக்கப்பட்டவராகிறார்.

விதி எளிது, எதிரணி அதை எளிதாக இருக்க விடாது. எண்டை உள்ளே பாயவிட்டு, லைன்பேக்கரை அவருக்குப் பின்னால் வெளிப்புறமாக ஓடவைக்கும் ‘ஸ்கிரேப்’ உத்தி விரைவில் பரவியது. எண்டை மட்டும் பார்க்கும் குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு நேரே அந்த லைன்பேக்கரின் கைகளில் போய் விழுவார். இதற்கு விடையாக ஓட்டமும் வீச்சும் ஒரே ஆட்டத்தில் பிணைக்கப்பட்டன. லைன்பேக்கர் முன்னேறினால், அவர் விட்டுச்சென்ற இடத்தில் ரிசீவருக்குப் பந்து பறக்கும். கல்லூரி விதியில், பந்து வீசப்படும் முன் லைன்மேன்கள் மூன்று கஜம் வரை முன்னே செல்லலாம். தொழில்முறை ஆட்டத்தில் ஒரு கஜமே. இந்த இரண்டு கஜ வேறுபாடு கல்லூரிக் குவாட்டர்பேக்குக்குச் சிந்திக்க ஒரு நொடியின் சிறு பகுதியைக் கூடுதலாகத் தருகிறது. அதைப் பயன்படுத்த அறிந்தவருக்கே இந்த ஆட்டமுறை பயன்படும்.

கால்களே முதன்மை என்போர் 2008ஆம் ஆண்டு மிச்சிகனைக் காட்டுவர். ரொட்ரிகஸ் அங்கு வந்த முதல் பருவத்தில், ஓடும் வழக்கமில்லாத குவாட்டர்பேக்குகளை வைத்து ஆடி 3 வெற்றி, 9 தோல்வி பெற்றார். இது வலுவான மறுப்பு. குவாட்டர்பேக் ஓடமாட்டார் என்று எண்டுக்கு உறுதியானால், அவர் தயங்க வேண்டியதில்லை, கணக்கு சரிந்துவிடும். ஆயினும் அவ்வாண்டு தாக்குதல் வரிசை பெரும்பாலும் புதியவர்களால் ஆனது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். தேவைப்படும் வேகத்தின் அளவென்ன என்பதற்கு அலெக்ஸ் ஸ்மித் நல்ல சான்று. அவர் குவாட்டர்பேக்காக ஆடிய, அர்பன் மெயர் பயிற்றுவித்த யூட்டா அணி 2004இல் 12 ஆட்டங்களிலும் வென்றது. மின்னல் வேக ஓட்டக்காரர் என்று ஸ்மித்தை எவரும் சொன்னதில்லை. அவர் ஓடிச் சேர்த்தவை 631 கஜம். வீச்சில் 32 டச்டவுன். எதிரணி பறித்தவை 4 மட்டுமே. எண்டைத் தயங்கவைக்கும் அளவு ஓடினால் போதும் என்பதே இதன் பொருள்.

கை வலுவின் கட்சிக்கும் நியாயம் உண்டு. கல்லூரி மைதானத்தில் இரு ஹாஷ் கோடுகளுக்கிடையே 40 அடி. தொழில்முறையில் பதினெட்டரை அடி. எனவே 160 அடி அகலத்தில் பந்து ஒரு ஹாஷில் இருக்கும்போது, அகன்ற பக்கம் 100 அடி விரிந்து கிடக்கிறது. அங்கே ஓரக்கோட்டருகே வீச வலு வேண்டும். ஆனால் ஹால் மம்மியும் மைக் லீச்சும் வளர்த்த ‘ஏர் ரெய்ட்’ பள்ளி, குறுகிய வீச்சுகளை அடுக்கியே இந்தப் பரப்பை வென்றது. 2003இல் அம்முறையில் ஆடிய டெக்சாஸ் டெக்கின் குவாட்டர்பேக் பி.ஜே. சைமன்ஸ் 5,833 கஜம் வீசினார். அம்முறையில் வலுவைவிட இலக்குத் துல்லியம் பெரிது: ரிசீவர் நடை தளராமல் பந்தைப் பிடித்தால் ஆறு கஜ வீச்சு பதினைந்து கஜமாகும், பின்தோளுக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும். 2019இல் எல்.எஸ்.யு. அணியின் ஜோ பர்ரோ 76.3 விழுக்காடு துல்லியத்துடன் 60 டச்டவுன் வீசியதும் அசாதாரணத் தோள் வலுவால் அன்று.

நம் மதிப்பீடுகள் இதைக் காணத் தவறுவதற்கு ஒரு காரணம் புள்ளிவிவர முறையிலேயே இருக்கிறது. 2006இல் மேற்கு வெர்ஜீனியாவின் குவாட்டர்பேக் பேட் வைட் ஓடிய 1,219 கஜம் அவர் பெயரில் பதிவாயிற்று. ரன்னிங் பேக் ஸ்டீவ் ஸ்லேட்டனின் 1,744 கஜம் முழுவதும் ஸ்லேட்டனுடையது. வைட் எண்டைப் படித்து, சரியாகக் கொடுத்ததால் கிடைத்த ஒவ்வொரு கஜமும் அந்த இரண்டாம் எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. அவருக்கு அதில் ஒரு வரவும் இல்லை. ஸ்பிரெட் குவாட்டர்பேக்குகளை ஆராய்வோர் வீச்சையும் ஓட்டத்தையும் எண்ணுவதோடு நில்லாமல், படப்பதிவைப் பார்த்து, கொடுத்ததும் வைத்துக்கொண்டதும் சரியா தவறா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் குறிக்கத் தொடங்க வேண்டும்.