1.1 என்னும் கோடு: குறைந்த ஆபத்துத் தொடர்பும் ஹெர்பீஸ் அச்சமும்

ஆடை களையாத நெருக்கம், கைபட்ட தொடுகை போன்றவற்றுக்குப் பிறகு பிறப்புறுப்பு ஹெர்பீஸ் தொற்றிவிட்டதோ என்று தவிப்பவர்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகின்றன: அச்சத்துக்குக் காரணம் அறியாமை, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் மனம் தெளியும். முதல் பாதியில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாம் பாதி தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். கொப்புளமோ புண்ணோ இல்லாத இவர்களிடம், தானே அடங்கியிருக்கக்கூடிய அச்சத்தைப் பரிசோதனை ஓர் எண்ணாக்கி நிலைநிறுத்துகிறது.

சர்ச்சைக்குரிய சான்று ஒன்றுதான். 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, போர்ட்லந்து நகர மருத்துவமனை ஒன்றில் வழக்கமான எலைசா, அதை உறுதிப்படுத்தும் வெஸ்டர்ன் பிளாட் ஆகிய இரண்டு இரத்தப் பரிசோதனைகளும் செய்துகொண்ட 864 பேரின் முடிவுகளை ஒப்பிட்டது. ஹெர்பீஸின் இரு வகைகளில் இரண்டாம் வகையில், தொற்று இல்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் திறன் எலைசாவுக்கு 57.4 விழுக்காடே இருந்தது. எலைசா தரும் குறியீட்டெண் 1.1 முதல் 2.9 வரை இருந்தவர்களிடம் அது 39.8 விழுக்காடு. ஆனால் ஆய்வகச் சீட்டில் 1.1க்கு மேற்பட்ட எதுவும் ‘பாசிட்டிவ்’தான், 1.6க்கும் 9க்கும் ஒரே தடித்த எழுத்து.

இந்த ஆய்வை ஒதுக்குவோர் சொல்லும் காரணம் வலுவானது. உறுதிப்படுத்தும் பரிசோதனையைத் தேடி வந்தவர்கள், முதல் முடிவை நம்ப முடியாமல் வந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். அப்படி வடிகட்டப்பட்ட குழுவில் பிழை மிகுந்து தெரிவது இயல்பு, அந்த 57.4ஐப் பொதுமக்கள் அனைவருக்கும் பொருத்தக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கேள்வி பொதுமக்களைப் பற்றியதே அல்ல. அறிகுறி இல்லாமல், தொற்றுக்கு வலுவான காரணமும் இல்லாமல், அச்சம் மட்டுமே உந்த ஆய்வகத்துக்குப் போகிறவரைப் பற்றியது. அந்த வடிகட்டலில் மிஞ்சுகிறவர் ஏறத்தாழ இவரேதான். பொதுமக்களை அளக்கும்போது குறையாக நிற்கும் அதே சாய்வு, இவரை அளக்கும்போது ஆய்வின் பலமாகிவிடுகிறது. மறுப்பாளர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

57.4ஐ முற்றிலும் கைவிட்டாலும் வாதம் சாயாது. இத்தகைய ஆயிரம் பேரில் 20 பேருக்கு ஏற்கெனவே தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரிசோதனை அவர்களில் 18 பேரைக் கண்டுபிடிக்கட்டும். மீதி 980 பேரிடம் ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் அதன் திறனைத் தாராளமாக 95 விழுக்காடு என்றே கொள்வோம். அப்போதும் 49 பேர் தொற்றில்லாமலே ‘பாசிட்டிவ்’ சீட்டோடு வீடு திரும்புவார்கள். உண்மையான ஒவ்வொரு முடிவுக்கும் ஏறக்குறைய மூன்று பொய் முடிவுகள்.

காலக் கணக்கும் எதிராகவே நிற்கிறது. தொற்றினால் கொப்புளம் தோன்ற 2 முதல் 12 நாட்கள் ஆகும். ஆனால் இரத்தத்தில் ஐஜிஜி எதிர்ப்பொருள் தெரியப் பன்னிரண்டு வாரங்கள் வரைகூட ஆகலாம். ஆகவே முதல் வாரத்தில் வரும் ‘பாசிட்டிவ்’ உண்மையாகவே இருந்தாலும் அது பழைய தொற்று. அச்சம் தந்த அந்த நெருக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘நெகட்டிவ்’ வந்தாலும் முழு ஆறுதல் இல்லை: முதல் வகை ஹெர்பீஸில், மேற்சொன்ன 2017 ஆய்வின் எலைசா, தொற்றுள்ளவர்களில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டினரைத் தவறவிட்டது. ஐஜிஎம் என்னும் மற்றோர் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை இன்னும் மோசம். அது வகை பிரித்துக் காட்டாது, பழைய தொற்று மறுபடி தலையெடுத்தாலும் பாசிட்டிவ் காட்டும். ஆனாலும் நம் ஊர் ஆய்வகங்களில் கேட்டால் செய்து கொடுக்கிறார்கள்.

பரிசோதனையை மறுப்பது நோயாளியின் உரிமையைப் பறிப்பதாகும் என்பார்கள். புண் இருப்பவருக்கு அதிலிருந்து மாதிரி எடுத்து பிசிஆர் செய்வதை யாரும் தடுக்கவில்லை. பிழையான முடிவைப் பெறுவது உரிமையும் ஆகாது. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, அறிகுறியற்றவர்களுக்கு வழக்கமான ஹெர்பீஸ் இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று 2016இல் சொன்னதை 2023இல் மீண்டும் உறுதிசெய்தது.

கைபட்டதற்கும் ஆடைமேல் உரசியதற்கும் அஞ்சி வருபவரிடம், அந்தத் தொடர்பில் தொற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று மருத்துவர் வாயால் தெளிவாகச் சொல்லி அனுப்ப வேண்டும். எலைசா செய்துவிட்ட இடங்களில், 3க்குக் கீழான எண்ணை ‘பாசிட்டிவ்’ என்று அச்சிடாமல், ‘உறுதிப்படுத்தும் வரை முடிவல்ல’ என்று ஆய்வகங்கள் அச்சிட வேண்டும்.