சாத்தூர் நிப்பும் பிசிறும்

சாத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சேவும் வெள்ளரிக்காயும்தான் ஞாபகம் வரும். எங்கள் இருக்கன்குடிப் பக்கத்து ஆட்களுக்குப் பேனா நிப்பும் வரும். சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பேனா இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததில் உள்ளூர் நிப்புக்குத் தேவை கூடியது. கரிசலில் மழையை நம்பிக் கிடந்த சனத்தில், தீப்பெட்டிக்குப் போனது போக மிச்சம் நிப் பட்டறைக்குப் போனது. நானும் போனேன்.

தகட்டை வைத்துக் கைப்பிரஸ்ஸை ஒரு சுற்று சுற்றினால் உருவம் விழுந்துவிடும். கண் துளை, பெயர் முத்திரை, வளைப்பு எல்லாம் அடுத்தடுத்த பிரஸ். நடுவில் மெல்லிய வட்டக் கத்தியால் ஒரு கீறல். இதெல்லாம் வெரசா முடியும். மிச்சப் பொழுது பூராவும் பிசிறோடுதான்.

அச்சு இறங்கும்போது தகடு கொஞ்சம் வெட்டுப்படும், மீதி கிழியும். கிழிந்த விளிம்பில் துருத்தி நிற்பதுதான் பிசிறு. மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே தகட்டின் கனத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் இடைவெளி விடுவது வழக்கம். அச்சின் விளிம்பு மழுங்கிவிட்டால் பிசிறு உயரும். "அச்சைத் தீட்டுங்க அண்ணாச்சி" என்போம். "இன்னும் நாலு குரோஸ் ஓடட்டும் தாயி" என்பார். கூலியும் குரோஸ் கணக்கில்தான். பிசிறு எடுக்கும் நேரத்துக்குத் தனிக்கூலி கிடையாது. அவர் மிச்சம் பிடித்ததை நாங்கள் கண்ணாலும் விரலாலும் கட்டினோம்.

அளந்து பார்க்க எங்களிடம் இருந்த கருவி பருத்திப் பஞ்சு. விளிம்பில் ஒரு இழுப்பு. இழை மாட்டினால் பிசிறு இருக்கிறது. கீறலுக்குள் நிற்பதைப் பஞ்சும் காட்டாது. மை தொட்டு எட்டுப் போட்டால் தாள் கீறும், இல்லையென்றால் மை இறங்காது. மெல்லிய பித்தளைத் தகட்டைக் கீறலுக்குள் விட்டு இழுத்துச் சரிசெய்வோம். வெளிவிளிம்புக்கு மரத்தூளோடு உருளையில் போட்டு உருட்டுவது. 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே நிப் அனுப்பிய பர்மிங்காமிலும் இப்படித்தான் உருட்டினார்கள். அங்கேயும் பிரஸ்ஸில் உட்கார்ந்தது பெரும்பாலும் பெண்கள்தான்.

அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கும் எங்கள் மாரியம்மனுக்குக் கண் நோவு தீரக் கண்மலர் சாத்துவார்கள். பட்டறைப் பெண்கள் அதிகம் நேர்ந்துகொண்டது அதைத்தான். கண்மலரும் தகட்டில் அடித்ததுதானே. விளிம்பைத் தடவிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை.

1980களில் பால்பாயிண்ட் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்ததால் தொழில் போயிற்று என்பார்கள். பாதி சரி. விலை கூடிய நிப்பின் முனையில் இரிடியம் மணி ஒட்டித் தேய்த்திருக்கும். எங்கள் மலிவு நிப்பில் எஃகு முனையேதான் தாளில் ஓடவேண்டும். அதனால் பிசிறு நின்றால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். எப்படிப் பிடித்தாலும் கீறாத பேனா கைக்கு வந்த பிறகு, கடைக்காரர்கள் முதலில் திருப்பி அனுப்பியது அச்சுத் தீட்டாத பட்டறைகளின் சரக்கைத்தான்.