ஆட்டத்துக்குப் பெயர் வைத்தவன்

மத்திய ஆசியாவில் ருஷ்யாவும் பிரிட்டனும் நடத்திய உளவுப் போட்டியைச் சரித்திரம் ‘மகா ஆட்டம்’ என்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆர்தர் கனோலியின் ஞாபகம்தான் வரும். அவன் கம்பெனியின் வங்காளக் குதிரைப்படையில் வாலிப அதிகாரி. 1830-ல் வியாபாரி வேஷம் போட்டுக்கொண்டு கீவாவுக்குப் புறப்பட்டான். வழியில் துருக்மானியரிடம் அகப்பட்டு, உயிர் தப்பியதே பெரிதாயிற்று. ஆனாலும் 1840-ல் ராலின்ஸனுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வேலைக்கு ‘மகா ஆட்டம்’ என்று பெயர் சூட்டினான்.

மறுவருஷம், பொக்காராவில் சிறைப்பட்டிருந்த கர்னல் ஸ்டோடார்ட்டை மீட்கப் போனான். அமீர் நஸ்ருல்லா அவனையும் சிறையில் தள்ளினான். அங்கே தன் ஜபப் புத்தகத்தின் ஓரங்களில், பட்ட துன்பங்களைக் குறித்து வைத்தான் கனோலி. 1842 ஜூனில் இருவரையும் சிரச்சேதம் செய்தார்கள். அவனுக்கு வயது 34.

1901-ல் வந்த கிப்ளிங்கின் ‘கிம்’ நாவல் அந்தப் பெயரை உலகறியச் செய்தது. கதை எழுதுகிற எனக்கு அதன் கவர்ச்சி புரியாமலில்லை. ஆனால் ஆட்டத்தில் தோற்றவன் எழுந்து வீட்டுக்குப் போகலாம். கனோலி போகவில்லை. பல வருஷம் கழித்து அந்த ஜபப் புத்தகம் மட்டும் அவன் சகோதரியின் வீடு வந்து சேர்ந்தது.