பெயரில்லாதார்க்குப் பெயர் தேடிய வாசகர்

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அயலிலே, கொழும்பு மாநகரின் வடகோடியில் அமைந்துள்ளது மட்டக்குளி. அங்கும், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களிலும் வாழும் தமிழ் வாசகருள், வயது ஐம்பதைக் கடந்த பின்னும் சித்திரக்கதைகளைக் கைவிடாதோர் உளர். அத்தகையோர் இருவர் சந்திப்பராயின் உரையாடல் விரைவில் வினாவிடையாக மாறிவிடும். இரும்புக்கை மாயாவியின் இயற்பெயர் யாது? அவர் இழந்தது எந்தக் கை? லயன் காமிக்சின் முதல் இதழில் வந்த கதை எது? விடை நொடிப்பொழுதில் வந்துவிடும்: லூயிஸ் கிராண்டல், வலக்கை, மாடஸ்டியின் கதை.

இவை யாவும் சிறுபிள்ளை விளையாட்டு எனச் சிலர் நகைக்கலாம். ஆயினும், இத்துணுக்குச் செய்திகளின் பின்னே நீண்டதொரு வரலாறு மறைந்து கிடக்கின்றது. அதனைச் சற்று நோக்குதல் நன்று.

அமெரிக்க நாட்டில் லீ ஃபால்க் என்பார் 1934 ஆம் ஆண்டில் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும், 1936 ஆம் ஆண்டில் முகமூடி வீரர் பாண்டத்தையும் படைத்தார். ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவரின் சூப்பர்மேன் 1938 இல் வெளிவந்தான். இறுகப் பற்றிய உடையும் மறைத்த முகமும் பாண்டத்திடம் முன்னரே அமைந்துவிட்டமையால், பின்வந்த வீரர் கூட்டத்துக்கு அவரே முன்னோடி என்பர் ஆய்வோர்.

பாண்டம் இந்தியாவுக்கு வந்த வரலாறு சுவையானது. பம்பாயில் 1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கிற்று. அதன் முதல் 32 இதழ்களும் பாண்டத்தின் கதைகளே. மூலக்கதையிலே வீரர் வாழும் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டிற்று. கடற்கொள்ளையர் ‘சிங்' என்னும் பெயர் தாங்கியிருந்தனர். இந்திய வாசகர் மனம் புண்படலாகாதெனக் கருதிய பதிப்பாளர், நாட்டை ‘டென்காலி' என்றும் கொள்ளையரைச் ‘சிங்கா' என்றும் மாற்றினர். இந்திரஜால் பின்னர் தமிழிலும் வெளிவந்தது. தமிழிலே இவ்வீரர் வேதாளர் எனப்பட்டார்; 1984 இல் தோன்றிய ராணி காமிக்சிலோ பிற்காலத்தில் முகமூடி வீரர் மாயாவி ஆனார். ஆதலின், ‘மாயாவி' என்றவுடன் ‘எந்த மாயாவி?' என வினவுவதே பழைய வாசகரின் அடையாளம் எனலாம்.

மற்றைய மாயாவி பிரித்தானியாவிலிருந்து வந்தவர். ‘வலியன்ட்' என்னும் வார இதழில் 1962 ஆம் ஆண்டு அவர் கதை தொடங்கிற்று. கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுகூட உதவியாளர் ஒருவர், மின்சாரம் பாய்ந்தவுடன் உருமறைவார். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். தொடக்கத்தில் அவர் குற்றவாளி; பின்னரே திருந்தி நாட்டின் இரகசியப் பணியில் அமர்ந்தார். சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் 1972 இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், இக்கதையையே தன் முதல் இதழாக வெளியிட்டது. அவர் மைந்தர் விஜயன் 1984 இல் லயன் காமிக்சைத் தொடங்கினார்.

ஈழத்து வாசகர்க்கு இவ்விதழ்கள் எளிதிற் கிட்டவில்லை. 1970 முதல் 1977 வரை ஆட்சி புரிந்த அரசு இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் அதற்கு விலக்கல்ல. முத்து காமிக்ஸ் பிறந்ததும் அவ்வாண்டுகளிலேதான். ஆதலின், கடல் கடந்து வந்த ஓரிதழ் பல கை மாறிற்று. அட்டை கிழிந்தும், முதற்பக்கம் இழந்தும் வாசிக்கப்பட்டது. 1983 ஆம் ஆண்டு ஜூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகள் தீக்கிரையான போது வீட்டு அலமாரிகளும் அவற்றொடு எரிந்தன. பெரு நூல்களை இழந்ததற்கு வருந்தியோர் பலர். சிறுவர் கைப்பட்ட நான்கணாப் புத்தகத்துக்காக யார் கண்ணீர் வடிப்பர்? கதையின் தலைப்பையும் இதழின் எண்ணையும் அட்டைப்படத்தையும் மனத்திலே வைத்திருந்தோர் நினைவில் மட்டும் அவை எஞ்சின. துணுக்குச் செய்தியாகத் தோன்றுவது, ஒருவகையில், எரிந்த அலமாரியின் பட்டியலாகும்.

இவ்வறிவின் மற்றொரு பயன் இதனினும் பெரிது. அக்காலப் பிரித்தானிய வார இதழ்கள் கதை எழுதியவர் பெயரையோ சித்திரம் வரைந்தவர் பெயரையோ பெரும்பாலும் அச்சிடுவதில்லை. அவற்றைத் தழுவிய தமிழ்ப் பதிப்பிலும் அப்பெயர்கள் இடம்பெற வழியில்லாது போயிற்று. கோடுகளின் போக்கையும், நிழலிடும் முறையையும், முகம் வரையும் பாங்கையும் ஒப்புநோக்கி, பழைய இதழ்களைத் துருவி ஆராய்ந்து, இன்ன கதை இன்னார் கைவண்ணம் என நிறுவியோருள் பெரும்பாலோர் ஆர்வமிக்க வாசகரே. இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்பது இன்று மட்டக்குளி வாசகருக்கும் தெரியும்.

அத்தகைய கண்டுபிடிப்புகளுள் உருக்கமானது ஸ்பைடர் பற்றியது. ‘லயன்' என்னும் பிரித்தானிய வார இதழில் 1965 இல் தோன்றிய ஸ்பைடர், குற்றவுலகின் மன்னனாக முடிசூட விரும்பியவன், பின்னர் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறினான். தமிழ் லயன் அவனைச் சிறுவர் உள்ளங்களில் அரியணை ஏற்றிற்று. முதலிரு கதைகளை டெட் கோவன் எழுதினார். ரெஜ் பன் வரைந்தார். அதன் பின் எழுத வந்தவர் யார்? சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெரி சீகல்.

1938 இல் சீகலும் ஷஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 130 டொலருக்கு விற்றுவிட்டனர். அவ்வீரனால் பிறர் பெருஞ்செல்வம் ஈட்டினர். படைத்தோர் வழக்காடித் தோற்றனர். அவர்தம் பெயரும் இதழ்களிலிருந்து நீங்கிற்று. அந்நிலையிலே, கடல் கடந்த ஓர் இதழுக்குப் பெயரின்றி எழுதினார் சீகல். 1975 இற்றான், பொதுமக்கள் கண்டனத்தின் பின்னர், இருவர்க்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை அளிக்கவும், அவர்கள் பெயரை மீண்டும் பொறிக்கவும் நிறுவனம் இசைந்தது. ஷஸ்டர் 1992 இலும் சீகல் 1996 இலும் மறைந்தனர்.

சூப்பர்மேனை ஆங்கிலத்தில் வாசிக்க வாய்ப்பில்லாத தமிழ்ச் சிறுவனும், அவனைப் படைத்தவரின் கற்பனையைத் தன்னை அறியாமலே தமிழிற் சுவைத்திருக்கின்றான். இவ்வுண்மையை அவனுக்கு உணர்த்தியது பாடநூலன்று; சக வாசகர் ஒருவரின் வினாவே.

உழைத்தவன் பெயரை உழைப்போடு சேர்த்து நினைப்பது அறம். கோயிற் சிற்பியின் பெயரைக் காலம் மறைத்துவிட்டதென நாம் வருந்துகின்றோம். அண்மையில் வாழ்ந்த கலைஞரின் பெயர் மறைவதைத் தடுப்பது நம் கையில் உள்ளது. நேயர் இல்லங்களில் பழைய சித்திரக்கதை இதழ்கள் இருப்பின், கழிவுக் கடதாசியோடு எறிந்துவிடாது, எழுதினோர், வரைந்தோர், வெளிவந்த ஆண்டு ஆகியவற்றை அட்டையின் உட்புறத்திற் குறித்து வைத்தல் வேண்டும். அடுத்த தலைமுறைக்கு அவ்வொரு வரி பெரிதும் உதவும்.