ஆளில்லாத படகு பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்?

ஏப்ரல் 15 வந்துட்டா எங்க காரைக்கால் மீன்பிடி துறைமுகம் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. அரசலாற்று முகத்துவாரத்தில் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு வரிசையா நிக்கும். பெயிண்ட் அடிக்க, இன்ஜின் பிரிக்க ஆள் வர்ற சில நாள் தவிர மத்த நாளெல்லாம் படகுக்குத் துணை காக்கா மட்டும்தான்.

கல்லூரி நண்பன் ஒருத்தனோட அப்பாவுக்கு ஒரு விசைப்படகு இருக்கு. ஒரு தடைக்காலம் ஆரம்பிக்கும்போது என்னைப் பிடிச்சுட்டார். "தம்பி, நீ கம்ப்யூட்டருதானே படிச்சே? போட்டுக்குள்ள தண்ணி ஏறினா என் போனுக்கு ஒரு மெசேஜ் வர்ற மாதிரி செஞ்சு குடேன்." மரப்படகுன்னா தண்ணி கசியத்தான் செய்யும். தினமும் போய் எட்டிப் பாக்க அவருக்கு முட்டி வலி.

பொட்டி தட்டுறவனுக்கு இதைவிட என்ன வேணும்? ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு சிம் கார்டு மோடம், அடித்தட்டில் ஒரு மிதவை சுவிட்ச். ஞாயித்துக்கிழமை ஒரே நாளில் முடிச்சு, படகோட 12 வோல்ட் பேட்டரியில் மாட்டிட்டு பெருமையா சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். தண்ணி ஏறினா மெசேஜ் வரும், வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். இதுதான் என் டிசைன்.

மெசேஜ் வரவே இல்லை. ரொம்ப சந்தோஷமா இருந்தோம். மூணு வாரம் கழிச்சு நண்பன் போய்ப் பார்த்தா, இன்ஜின் அடிக்கட்டை வரைக்கும் தண்ணி. பேட்டரி செத்து எத்தனையோ நாள் ஆகியிருக்கு.

கணக்கு போட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல உறிஞ்சக்கூடாது. என் சமாச்சாரம் 200 மில்லி ஆம்பியர் தின்னுது. 50-ஐ 0.2-ஆல் வகுத்தா 250 மணி நேரம், அதாவது பத்தே நாள். தடைக்காலமோ 61 நாள்! இன்ஜினியரிங் டிகிரியை எங்கே வச்சு ஒளிக்கிறதுன்னு தெரியலை.

வெட்கத்தில் ஒரு மாசம் இதையே படிச்சுக்கிட்டு இருந்தேன். கடலில் ஆளில்லாம ஒரு பொருளை விட்டுட்டு வர்றது மனுஷனுக்கு எப்போ கைவந்ததுன்னு தேடினா, மின்சாரத்துக்கே சம்பந்தமில்லாத ஒருத்தர்ல போய் நின்னேன். ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் டாலேன். அப்போ கலங்கரை விளக்கமும் விளக்கு மிதவைகளும் அசெட்டிலின் வாயுவில் எரிஞ்சுக்கிட்டு இருந்தது. சிலிண்டர் தீர்ந்தா யாராவது கடலுக்குப் போய் மாத்தணும். டாலேன் செய்தது ரெண்டு வேலை. ஒண்ணு, விளக்கு தொடர்ந்து எரியாம சட்டுனு மின்னி அணையுற மாதிரி செய்தார். மின்னும் நேரத்துக்கு மட்டும்தானே வாயு செலவு? ரெண்டாவது, 1907-ல் வந்த சூரிய வால்வு. வெயில் பட்டா கறுப்புத் தண்டு சூடாகி நீளும், வாயுக் குழாயை அடைக்கும். இருட்டினா சுருங்கும், வாயு வரும். கம்ப்யூட்டரும் இல்லை, கரண்டும் இல்லை. மாசக்கணக்கா ஆளே போகாம விளக்கு எரிஞ்சுது. இதுக்காக 1912-ல் இயற்பியல் நோபல் பரிசே கிடைச்சுது. அதே வருஷம் ஒரு வெடிவிபத்தில் அவருக்குக் கண் பார்வை போயிடுச்சு. ஊருக்கெல்லாம் விளக்கு வச்ச மனுஷன்.

நாம இன்னைக்கு ஸ்லீப் மோடுன்னு பீத்திக்கிறோமே, அது இதுதான். பெரும்பாலான நேரம் தூங்கு, தேவைப்பட்டா மட்டும் முழிச்சுக்கோ.

இதே சூத்திரத்தோட ரேடியோவும் சேர்ந்தது ரெண்டாம் உலகப்போர்ல. 1943 அக்டோபரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, கனடாவின் லாப்ரடார் கரையில் ரகசியமா ஒரு தானியங்கி வானிலை நிலையத்தை வச்சுட்டுப் போச்சு. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை முழிச்சு, ரெண்டு நிமிஷம் அனுப்பிட்டு மறுபடி தூங்கும். அப்படி ஒண்ணு அங்கே இருக்குன்னு கனடாக்காரங்களுக்கே 1981-லதான் தெரிய வந்தது!

நம்ம கதைக்கு ரொம்பக் கிட்ட வர்றது நோமாட். அமெரிக்கக் கடற்படைக்காக உருவானது. ஆறு மீட்டர் நீளம், நிஜப் படகு மாதிரியே உடம்பு, உள்ளே ஆள் கிடையாது, காத்தையும் அழுத்தத்தையும் அளந்து ரேடியோவில் அனுப்பும். அந்தப் படகு ஒண்ணில் 1964-ல், மெக்சிகோ வளைகுடாவில், ஸ்ட்ரான்சியம்-90 கதிரியக்கச் சூட்டில் ஓடும் 60 வாட் ஜெனரேட்டரை வச்சுப் பார்த்தாங்க. தடைக்காலத்துக்கு சரியா வரும்தான், நம்ம துறைமுகத்தில் அனுமதி கிடைக்காது, ஹி ஹி.

நிற்க. இவ்வளவு நேரம் பேட்டரியைப் பத்தியே பேசிட்டேன். என்னை ராத்திரி தூங்கவிடாம பண்ணினது வேற ஒண்ணு.

2004 டிசம்பர் 26. எனக்கு ஏழு வயசு. அன்னைக்குக் காலையில் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரிப் பக்கமிருந்து ஜனங்க ஓடி வந்தது மட்டும் ஞாபகம் இருக்கு. காரைக்கால் பகுதியில் மட்டும் நானூறு பேருக்கு மேல செத்துப்போனாங்க. சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தது நம்ம நேரம் காலை 6.28-க்கு கொஞ்சம் பின்னால். அலை எங்க கரைக்கு வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரமும் கடல் ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லாததால எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். என் டிசைனேதான்!

கடலுக்குள்ள கருவியே இல்லாம இல்லை. தாய்லாந்தின் புக்கெட் பக்கம் நங்கூரம் போட்டிருந்த 'மெர்காட்டர்'னு ஒரு பெல்ஜியப் பாய்மரப் படகு. அதோட ஆழமானி, தண்ணி முதல்ல இறங்கி அப்புறம் ஏறினதை அப்படியே பதிஞ்சு வச்சிருந்தது. மொத்தம் ஆறு மீட்டருக்கு மேல வித்தியாசம். மேலே போய்க்கிட்டு இருந்த ஜேசன்-1 செயற்கைக்கோளும் நடுக்கடலில் அந்த அலையை அளந்தது. ரெண்டுமே பின்னால விஞ்ஞானிகளுக்கு உதவுச்சு. அன்னைக்குக் காலையில் யாருக்கும் சொல்லலை. பதிஞ்சு வைக்கிறது வேற, கூப்பிட்டுச் சொல்றது வேற.

சொல்லக்கூடிய கருவி அப்பவே இருந்தது, பசிபிக்கில். அமெரிக்கா ஆறு இடத்தில் போட்டிருந்தது. கடல் தரையில் ஒரு அழுத்தமானி, மேலே ஒரு மிதவை. கீழே இருப்பது 15 விநாடிக்கு ஒரு தடவை அழுத்தத்தைப் பார்த்து, இப்போ இவ்வளவுதான் இருக்கணும்னு தானே கணக்கு போட்டுக்கும். கணக்கும் அளவும் மூணு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசப்பட்டா மட்டும் ஒலி அலையில் மேலே கத்தும், மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். மத்த நேரத்தில்? சும்மா இருக்காது. குறிப்பிட்ட இடைவெளியில் வழக்கமான அளவை அனுப்பிக்கிட்டே இருக்கும். நான் கோட்டை விட்டது இங்கேதான்.

இந்தியப் பெருங்கடலில் அப்படி ஒண்ணுகூட இல்லை. சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 1997-லேயே நார்வே உதவியோட வானிலை மிதவைகள் போட ஆரம்பிச்சிருந்தது. அதெல்லாம் காத்து, அலை, வெப்பம் பார்க்கத்தான். சுனாமிக்கு அப்புறம் ஆழ்கடல் கருவிகள் போட்டு, ஐதராபாத்தில் 2007 அக்டோபரில் எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 மத்தியானம் சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய பூகம்பம் வந்தப்போ, ஆழ்கடல் கருவிகள் காட்டின அலை சின்னதுதான். சாயங்காலம் எச்சரிக்கையை வாபஸ் வாங்கினாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொல்றதும் ஒரு சேதிதானே?

இதில் எங்க ஊர்க்காரங்க பங்கும் இருக்கு, மறைக்கக்கூடாது. நடுக்கடலில் எது மிதந்தாலும் அதுக்கடியில் மீன் கூடும். அதனால மிதவைகிட்ட வலை விடுறது, படகையே அதில் கட்டிப்போடுறது எல்லாம் நடக்கும். ஆன்டெனா உடையும், சோலார் தகடு காணாமப்போகும். மிதவையில் கேமரா வச்சும் பார்த்தாங்க, மீனவர் கிராமங்களுக்குப் போயும் பேசினாங்க. இதைச் சொன்னதும் நண்பனோட அப்பா சொன்ன பதில்: "அது என்னன்னு எங்ககிட்ட யாரு சொன்னா? எங்களுக்கு அது போயா. மீன் நிக்கும். அவ்வளவுதான்." சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவர். எனக்குப் பதில் பேச வரலை.

இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவிக்கும் இதே கதைதான். 2010-லிருந்து மீன்பிடி படகுகளில் இருக்கு. பட்டனை அழுத்தினா செயற்கைக்கோள் வழியா கடலோரக் காவல் படைக்குப் போகும். ஆனா போய்ச் சேர்ந்துச்சான்னு படகில் இருக்கிறவனுக்குத் தெரியாது. "வந்தாச்சு"ன்னு பதில் சொல்ற ரெண்டாம் தலைமுறைக் கருவி 2024 ஜனவரியிலதான் வந்தது.

என் ரெண்டாவது டிசைன் டாலேன் வழி. ராஸ்பெர்ரி பையைத் தூக்கிட்டு, தூங்கத் தெரிஞ்ச ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். சராசரியா அஞ்சு மில்லி ஆம்பியர். பேட்டரி தானா இறங்குறதைக் கழிச்சாலும் 61 நாள் தாராளம். தினமும் காலை ஆறு மணிக்கு, தண்ணி இருந்தாலும் இல்லாட்டாலும், பேட்டரி அளவோட "இருக்கேன்"னு ஒரு மெசேஜ். தண்ணி ஏறினா அப்பவே தனி மெசேஜ்.

போன தடைக்காலம் இருபத்தெட்டாம் நாள் காலையில் ஆறே கால் மணிக்கு போன். "தம்பி, இன்னைக்கு போட்டு பேசலியே?" முட்டி வலியோட கிளம்பிப் போயே பார்த்துட்டார். படகில் பொட்டுத் தண்ணி இல்லை. பேட்டரி கும்முனு இருக்கு.

சிம் கார்டுக்கு 28 நாள் ரீசார்ஜ் முடிஞ்சுபோச்சு.