வட்டுக்கோட்டை அமெரிக்க மிஷன் சபை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே வட்டுக்கோட்டையில் 1817ஆம் ஆண்டு அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய புரட்டஸ்தாந்து சபை. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ் ஆதீனத்தைச் சேர்ந்தது.

சபைக்கு முன்பே ஆலயம் இருந்தது. போர்த்துக்கேயர் கட்டியதை, 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தமதாக்கித் திருத்திக் கட்டினர். அவர்கள் காலத்தில் உத்தியோகத்துக்காகவும் காணி உரிமைக்காகவும் ஞானஸ்நானம் பெற்றவர் பலர். ஆங்கிலேயர் வந்ததும் அப்படி மாறியவரிற் பெரும்பாலோர் வெளிப்படையாகவே சைவத்துக்குத் திரும்பினர், கட்டடமும் பாழடைந்தது. பெயரளவுக் கிறிஸ்தவத்தின் இந்தக் கதையை அறிந்திருந்ததால், அமெரிக்கர் எவரையும் நெடுநாள் சோதித்த பின்னரே திருவிருந்தில் சேர்த்தனர்.

1816இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசனரிமார் குழுவில் டானியேல் பூவரும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பழைக்குப் போக, பெஞ்சமின் மெக்ஸும் ஜேம்ஸ் றிச்சட்ஸும் வட்டுக்கோட்டைக்கு வந்தனர். றிச்சட்ஸ் 1822இல் நோயால் இறந்தார். மிஷனின் ஆள்பலமும் குறைந்தது, 1820 முதல் 1833 வரை புதிய அமெரிக்க மிசனரிமாரை அரசாங்கம் அனுமதிக்கவுமில்லை. உள்ளூரவரையே பயிற்றி எடுக்க வேண்டியதாயிற்று.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அந்தத் தேவைக்கு விடையாயிற்று. பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிப்பதில் முதற் சிக்கல் சோறுதான். மிசனரிமாரின் வளவில் சமைத்ததை உண்டால் சாதி கெடும் என்று பெற்றார் மறுத்தனர். தொடக்கத்தில் பக்கத்துச் சைவர் ஒருவரின் காணியிற் குசினி போட்டுத்தான் பந்தி நடந்தது. பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கர் தமக்குப் பிடித்த பெயரையும் அதற்கு இடலாம். ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதிய சதாசிவம்பிள்ளை, ஜே. ஆர். ஆர்னல்ட் ஆனது இந்த வழக்கத்தால்.

1824இல் மிஷன் நிலையங்களில் சமய எழுப்புதல் பரவியது. 1825 சனவரியில் சண்டிலிப்பாயில் இதற்கெனப் போட்ட பெரிய பந்தலில், பல நிலையங்களையும் சேர்ந்த 41 பேர் ஒரே நாளில் சபையில் சேர்க்கப்பட்டனர். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஆயிரத்தைத் தாண்டியது.

ஆயினும் சபையை நிலைக்கச் செய்தது எழுப்புதலைவிடக் கலியாணமே எனலாம். உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில், படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. யாழ்ப்பாணத்தை நன்கு அறிந்தவர் செய்த ஏற்பாடு. செமினரி மாணவரும் உடுவில் மாணவிகளும் மணந்து அமைத்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சபையின் முதுகெலும்பாயின.

செமினரி தந்த படிப்பு எல்லாரையும் சபையில் நிறுத்தவில்லை. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார்; பிற்காலத்தில் சைவராகவே வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஆங்கிலமும் உத்தியோகமும் மாணவரைச் சமயப் பணியிலிருந்து இழுக்கின்றன என்று கருதிய மிஷன் தலைமை 1855இல் செமினரியை மூடியது. அதன் விளைவைச் சபையார் விரைவிலேயே உணர்ந்தனர். உள்ளூர்க் கிறிஸ்தவர் விடாது கேட்டு, பணமும் திரட்டியதால் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1947இல் இச்சபையும் சேரத் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது எஸ். குலேந்திரன் யாழ்ப்பாணத்தின் முதற் பேராயரானார். ஒருகாலத்தில் பாழடைந்து கிடந்த வட்டுக்கோட்டை ஆலயம் ஆதீனத்தின் பேராலயமாயிற்று.