குப்பனும் கூப்பரும்

ஜொகூர் மாநிலத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி லாயாங் லாயாங் என்னும் சிற்றூர் உளது. மலாய் மொழியில் அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று தகைவிலான் குருவி என்னும் சிறு பறவை. மற்றொன்று சிறுவர் நூலிற் கட்டி வானில் விடும் பட்டம். 1909ஆம் ஆண்டில் ஜொகூர் இருப்புப்பாதை முற்றுப்பெற்றபின், அப்பாதையின் இருமருங்கும் காடழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. பின்னர் செம்பனையும் வந்தது. அத்தோட்டங்களில் உழைக்க வந்த தமிழர் கொண்டுவந்த உடைமை மிகச் சிறிது. அவ்வுடைமையில் ஒருவராலும் பிடுங்க இயலாதது அவரவர் பெயர் ஒன்றே. அப்பெயரைக் கேட்டு அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று நாணுவது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

தோட்டம் நீங்கி நகரம் புகுந்த நம் குடும்பங்களிற் சிலவற்றில், பிள்ளைக்கு இதுவரை எவரும் வைத்திராத பெயரை வைத்தல் வேண்டும் என்னும் வேட்கை மிகுந்துளது. ஆங்கில ஒலியுள்ள பெயராயின் இன்னும் சிறப்பு என்பது அன்னோர் கருத்து. பொருள் யாது என்று வினவினால், ஓசை நன்றாயிருக்கிறது என்பதே பெரும்பாலும் விடை. ஓசை நன்றாயிருத்தல் குற்றமன்று. ஆயினும், நாம் அருமையென்று கருதும் அப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதை ஒருமுறை ஆராய்ந்து பார்த்தல் நலம்.

கூப்பர் என்றால் மரப்பீப்பாய் செய்பவன். கார்ட்டர் என்றால் வண்டிக்காரன். மேசன் என்றால் கொத்தன். டைலர் என்றால் கூரைக்கு ஓடு வேய்பவன். டெய்லர் என்றால் தையற்காரன். பிளெட்சர் அம்பு செய்பவன். சாண்ட்லர் மெழுகுவர்த்தி செய்து விற்பவன். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், சில நூற்றாண்டுகளில் அந்நாட்டார்க்குக் குடும்பப் பெயர் நிலைபெற்றது. ஊரில் நான்கு ஜான்கள் இருந்தால், பீப்பாய் செய்யும் ஜான், வண்டி ஓட்டும் ஜான் என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. அவ்வாறு ஒட்டிய தொழிற்பெயர் மகனுக்கும் பேரனுக்கும் தொடர்ந்தது. அக்குடும்பப் பெயரே அண்மைக்காலத்தில் குழந்தையின் முதற்பெயராக ஏற்றம் பெற்று, கப்பலேறி நம்மிடமும் வந்து சேர்ந்தது.

வேறு சில நிலத்தின் பெயர்கள். ஆஷ்லி என்பது ஆஷ் மரங்கள் நின்ற காட்டு வெளி. ஷெர்லி என்பதும் ஒரு காட்டு வெளியின் பெயரே. 1849ஆம் ஆண்டில் சார்லட் பிராண்டி அம்மையார் எழுதிய புதினத்தில், ஆண்மகவை எதிர்பார்த்திருந்த பெற்றோர் பிறந்த பெண்ணுக்கு அப்பெயரை இட்டனர். அதன்பின்னரே அது பெண்பெயராயிற்று. வேறு சில, எழுத்தாளர் கற்பனையிற் பிறந்தவை. வனெஸ்ஸா என்னும் பெயர், ஜானதன் ஸ்விப்ட் தம் தோழி ஒருத்தியின் பெயரைச் சிதைத்துச் சேர்த்துப் புனைந்தது. அவர் பாட்டு 1726இல் அச்சேறியது. வெண்டி என்னும் பெயர் பரவியது 1904இல் அரங்கேறிய பீட்டர் பான் நாடகத்தால். மேடிசன் என்பதன் ஈற்றில் மகன் என்னும் சொல்லே நிற்கிறது. எனினும் 1984இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்குப் பின் அது பெண்பெயராகிவிட்டது. சொர்க்கம் என்னும் ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து முன்னாக எழுதி நெவேயா என்று ஒரு பெயர் படைத்தனர். 2000ஆம் ஆண்டுக்குப்பின் அமெரிக்காவில் அது பரவிற்று.

இவற்றைக் கூறுவது ஆங்கிலேயரை எள்ளி நகையாடுதற்கன்று. மாறாக, அவரிடம் நாம் கற்கவேண்டியது ஒன்று இதில் உளது. கொத்தனின் பெயரையும் வண்டிக்காரனின் பெயரையும் தம் செல்வக் குழந்தைக்கு இடுவதில் அவர்க்கு வெட்கமில்லை. நம் நாட்டிலோ தொழில் சாதியாயிற்று. சாதி பெயரின் வாலாயிற்று. அவ்வால் சிலரை உயர்த்தவும் பலரைத் தாழ்த்தவும் கருவியாயிற்று. 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்தது இதனாலன்றோ? அவ்வாண்டு டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது, கடல் கடந்தும் சாதியை மூட்டைகட்டிக் கொண்டுவந்திருந்த நம்மவர்க்கும் அவ்வறிவுரை தேவையாகவே இருந்தது.

இனி, நாம் எப்பெயரைக் கேட்டு நாணுகிறோமோ அதற்கு வருவோம். குப்பன், குப்பம்மாள், பிச்சை. இவற்றினும் தாழ்ந்த பெயர் இல்லை என்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். இப்பெயர்கள் பிறந்த வகை யாது? பிறந்த குழவிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்த வீட்டில், அடுத்த குழவியைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி, வேண்டாத பொருள்போல் காட்டி, பின் எடுத்துக்கொள்வர். அதற்குக் குப்பன் என்று பெயர். அயலார் கையிற் கொடுத்து, அவரிடம் இரந்து பெற்றதுபோல் திரும்ப வாங்கினால் பிச்சை என்று பெயர். குப்பையென்று எண்ணிச் சாவு தொடாது போகட்டும் என்பது அத்தாயின் நினைப்பு. அது மூடநம்பிக்கையே, ஐயமில்லை. நோயைத் தடுப்பது மருத்துவமும் தூய நீரும் நல்லுணவுமேயன்றிப் பெயரன்று. ஆனால் மருத்துவன் எட்டாத ஊரில், காய்ச்சலும் கழிச்சலும் பிள்ளைகளை வாரிச் சென்ற காலத்தில், அத்தாயின் கையில் வேறென்ன இருந்தது? தன் பிள்ளை வாழவேண்டும் என்பதற்காகத் தன் பிள்ளையையே இழிபெயரால் அழைக்கத் துணிந்தாள். குப்பன் என்னும் பெயரின் பொருள் குப்பையன்று. இவனையாவது எனக்கு விட்டுவிடு என்னும் மன்றாட்டே அதன் பொருள்.

எல்லாப் பழம்பெயர்களும் அன்பிற் பிறந்தவை என்று கூறிவிட முடியாது. ஒடுக்கப்பட்டோர் மதிப்புள்ள பெயர் வைத்துக்கொண்டால் ஊரார் பொறாத காலம் ஒன்றிருந்தது. ஒருவன் முதியவனாயினும் அவன் பெயரைக் குறுக்கி ‘டேய்’ என்று விளிக்க மேற்சாதிச் சிறுவனுக்கும் உரிமையிருந்தது. பெண்மகவு அடுத்தடுத்துப் பிறந்தால் ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டாம்’ என்றும் பெயரிடும் கொடுமையும் தமிழகத்தில் நிகழ்ந்தது. வாழ்நாள் முழுதும் தன்னை எவரும் விரும்பவில்லை என்பதைத் தன் பெயராகவே கேட்டு நடந்த பெண்ணின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! குப்பம்மாள் என்பது அன்பின் வேடம். வேண்டாம் என்பது வெறுப்பின் மெய்யுரு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணலாகாது.

தோட்டத்துக்கு வந்த பெயர்களுக்கு மற்றொரு கதி நேர்ந்தது. விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடுவர். கிராணி செக்ரோலில் எழுதுவார். லட்சுமி என்று ஏட்டில் எழுதுவதை நம் மக்கள் லெட்சுமி என்றே ஒலித்தனர். அவ்வொலி ஆங்கில எழுத்தில் ஏறி, இன்றும் மலேசிய அடையாளக் கார்டுகளில் நிற்கிறது. இது பிழையன்று, எழுத்தறியா நம் முன்னோரின் குரல் ஏட்டில் பதிந்த தடம்.

லாயாங் லாயாங்கை அடுத்த உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் செம்பனை வித்து ஆராய்வோர்க்கு நன்கு தெரியும். 1848ஆம் ஆண்டில் ஜாவாத்தீவின் போகோரில் நட்ட நான்கு கன்றுகளின் வழிவந்தது டெலி இனம்; அதன் ஒரு கிளைக்கு உலு ரெமிஸ் என்றே பெயர். மரத்துக்கு நான்கு கன்றுகள் வரை கொடிவழி கூற முடிகிறது. தோட்டத் தமிழனுக்கோ தந்தை பெயர் ஒன்றோடு ஏடு முடிந்துவிடுகிறது.

அத்தந்தை பெயரும் சிறிதன்று. ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’, அதாவது மகன், மகள் என்று எழுதித் தந்தையின் பெயரைச் சேர்ப்பது மலேசியத் தமிழர் வழக்கம். இதிற் சாதிவாலுக்கு இடமில்லை. பெண் மணந்தபின்னும் தன் பெயரையும் தந்தை பெயரையும் இழப்பதில்லை. தாயின் பெயருக்கு இடமில்லாமை ஒன்றே குறை. ஆகவே, பேரனுக்குக் கூப்பர் என்று பெயரிட்டாலும், அவன் தந்தை குப்பனாயின், அடையாளக் கார்டு ‘கூப்பர், குப்பனின் மகன்’ என்றே கூறும். வகுப்பில் அப்பெயரை உரக்கப் படிக்கும்போது அவன் தலைகுனிவானாயின், குற்றம் யாருடையது? பீப்பாய்க்காரனின் பெயரை முன்னே சுமந்து பெருமிதமும், தன்னைச் சாவினின்று காக்க முயன்றவளின் சொல்லைப் பின்னே சுமந்து நாணமும் கொள்ளுமாறு அவனை வளர்த்தவர் நாமே. அப்பெயரின் வரலாற்றை நாம் அவனுக்குச் சொல்லவில்லை.

பழைய பெயரையே பிள்ளைக்கு இடுக என்று யாம் கூறவில்லை. புதுப்பெயர் வைத்தல் சீர்திருத்தத்தின் முதற்படிகளுள் ஒன்று. வேதாசலம் 1916இல் மறைமலையானார். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் ஆயினர். அவர் புதுப்பெயர் கொண்டது பொருளறிந்து. தம் கொள்கையை ஊரறியச் செய்வதற்கு. நாமும் பொருளறிந்தே வைப்போம். இப்பெயரின் பொருள் யாது? வீட்டிலுள்ள பாட்டியால் இதை வாய்விட்டு அழைக்க இயலுமா? இதிற் சாதியின் நெடியோ பெண்ணை இழித்தலோ உண்டா? இம்மூன்றையும் கேட்டபின் வைப்பது தமிழ்ப் பெயராயினும் ஆங்கிலப் பெயராயினும் குறையில்லை.

மற்றொரு கடமையும் உண்டு. பிள்ளைக்குப் பெயரிடும் நாளில், அவன் பாட்டன் பாட்டியர் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவை ஏன் இடப்பட்டன என்பதை அறிந்த முதியவரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். தாயின் பெயரையும் அவள் தாயின் பெயரையும் விடாதீர்கள். அறிந்தவர் நாளும் குறைந்துவருகின்றனர். கேட்கவேண்டிய காலம் இதுவே.